ஒட்டுனா சீனா, ஒட்டாட்டி ஜப்பான்

தொண்ணூறுகளில் பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி, "காந்தக்காரர் எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டியிருப்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யாகோப்பு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கோயில் பாதரும் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்த மொஹிதீனும் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் காந்தக்காரர், சின்னப் பிள்ளைகளுக்குக் காந்த மாமா. அந்தப் பெயரில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

காந்தம் என்றால் பெரிய சாமான் ஒன்றுமில்லை. செத்துப்போன ஒரு ரேடியோப் பெட்டியின் ஸ்பீக்கருக்குள் இருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். அதன் நடு ஓட்டையில் சிவப்பு ரிப்பனைக் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். சட்டைக்கு உள்ளே சிலுவை, சட்டைக்கு வெளியே காந்தம். எதை அதிகம் தொட்டுக்கொள்வார் என்று கேட்டால் காந்தத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தோட்ட வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. வாய் இருந்தது, அந்த வாயை வைத்துப் பிழைக்கலாம் என்று பதுளைக்கு வந்து, எவர்சில்வர் டம்ளர், சட்டி, சோற்றுக் கரண்டி என்று மூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாக விற்றார். கொழும்பில் அவர் சரக்கு எடுத்த மொத்தக் கடையில்தான் காந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது, மட்டச் சரக்கில் ஒட்டும், அவ்வளவுதான். பாத்திரத்துக்கு அது சரியான கணக்குத்தான், அதில் பொய்யில்லை.

வினை எங்கே வந்தது என்றால், தொண்ணூற்றைந்தில் அவர் பாத்திரத்தை விட்டுவிட்டுக் கத்திக்கு மாறினார். சுமக்க லேசு, விற்கச் சுலபம். காந்தத்தைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. பாத்திரத்துக்குச் சரியாக இருப்பது கத்திக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை, மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

போர் நடந்த காலம். கத்தி மூட்டையோடு பஸ் ஏறும் தமிழனைச் சோதனைச் சாவடியில் சும்மா விடுவார்களா? 'இவர் கத்தி வியாபாரி, சாதுவான ஆள்' என்று கிராம சேவகர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதைக் காட்டிக் காட்டியே ஹாலிஎல, வெலிமடை, கொஸ்லந்தை என்று சம்பள நாள் பார்த்துப் போய்வருவார்.

தோட்டத்தில் சம்பள நாளென்றால், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற அந்தப் பெரட்டுக்களம் பின்னேரம் சந்தையாகிவிடும். வளையல்காரர், துணிக்காரர், கருவாட்டுக்காரர் என்று எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கூட்டம் காந்தக்காரரிடம்தான். சாக்கை விரித்து, பளபளவென்று கத்திகளைப் பரப்பி, ஒரு கத்தியை நிமிர்த்திப் பிடிப்பார். ஒவ்வொன்றிலும் பட்டை எழுத்தில் இங்கிலீஷில் ஜப்பான் என்று அடித்திருக்கும். காந்தத்தை அதன் மேல் வைப்பார். காந்தம் வழுக்கிக் கீழே விழும்.

"பாத்தீங்களா? ஒட்டுதா? ஒட்டாது. ஏன்? அசல் எவர்சில்வர். துரு புடிக்காது, கறை புடிக்காது, பேரப்புள்ள காலம் வரைக்கும் கெடக்கும். சந்தையில நாப்பது ரூவாக்கு சீனாக் கத்தி விக்கிறான். எடுத்துட்டு வாங்க, வச்சிப் பாப்போம்."

யாராவது ஓடிப்போய் வீட்டுக் கத்தியைக் கொண்டுவருவார்கள். காந்தம் 'டக்' என்று ஒட்டும். உடனே பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள்: "ஒட்டுனா சீனா, ஒட்டாட்டி ஜப்பான்!"

அந்தப் பாட்டைக் கட்டியவர் அவரே. நூற்றுப்பத்து ரூபாய்க் கத்தி, நாற்பது ரூபாய்க் கத்திக்கு முன்னால் இப்படித்தான் விற்றது. விலை கூடினால் சாமான் நல்லதாகத்தான் இருக்கும் என்று வாங்கியவர்களும் நம்பினார்கள், விற்றவரும் நம்பினார். அதை மட்டும் அவருக்காகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவர் யாரையும் தெரிந்து ஏமாற்றவில்லை. தெரிந்து செய்தது பிறகுதான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஹாலிஎலைக்கு மேலே மூணுபாலத் தோட்டம். ஏப்ரல் சம்பளம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் அந்தோனியம்மா. குவைத்தில் நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையில் பூப்போட்ட ஒரு பட்டுத்துணிப் பொட்டலம். அவிழ்த்தாள். உள்ளே ஒரு கத்தி. மரப்பிடி, மங்கலான அலகு, பிடியோரத்தில் கிறுக்கினதுபோல் நாலைந்து எழுத்து.

"அண்ணே, இதையும் கொஞ்சம் பாருங்க. ஜப்பான் கத்தின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எங்க மாமா குடுத்தது."

"மாமாவா? எந்த மாமா தாயி, எங்களுக்குத் தெரியாம?" என்று கொழுந்து லொறியில் போகிற றொபின்சன் கேட்டான். கூட்டம் சிரித்தது. அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தோனியம்மாவும் சிரித்தாள். "அட, அங்க வீட்டுக்கார அம்மாவ மாமான்னுதாங்க கூப்புடுவாங்க. படுத்த படுக்கையா கெடந்தாங்க. நாலு வருசம் நாந்தான் பாத்தேன். இந்தக் கத்தியால பழம் வெட்டி நான் ஊட்டுனாத்தான் திம்பாங்க. வரும்போது அழுதுகிட்டே குடுத்தாங்க."

அவள் அதைக் காட்டவே வந்திருந்தாள். கத்தி ஜப்பானா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. காந்தக்காரர் வாயால், ஊர் முன்னாலே ஒரு தரம் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டாள். அவ்வளவுதான்.

யாகோப்பு காந்தத்தை வைத்தார். டக்.

பிள்ளைகள் கத்தினார்கள். "ஒட்டுனா சீனா!"

அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். 'பரவாயில்ல தங்கச்சி, நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சுற்றி நூறு பேர், எல்லார் கண்ணும் தன்மேல். வாய் சும்மா இருக்குமா?

"சீனாதான் தங்கச்சி. எழுத்தப் பாருங்க, சீன எழுத்து. ஜப்பான்காரன்னா என் கத்தில மாதிரி பளிச்சுன்னு ஜப்பான்னு அடிச்சிருப்பான்ல? இது அம்பது ரூவா சாமான்." கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "நாலு வருசம் பீ மூத்திரம் அள்ளுனதுக்கு அந்தம்மா என்னா சன்மானம் குடுத்திருக்கா பாருங்க!"

ஐயோ, என்ன சிரிப்பு! வளையல்காரர்கூட எழுந்து நின்று சிரித்தார். றொபின்சன் சிரிப்போடு சிரிப்பாக, "சீனாக்கத்தி அந்தோனியம்மா!" என்று ஒரு பேரையும் வைத்துவிட்டான். அந்தப் பேர் அன்றைக்கே லயத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. கத்தியை வாங்கிப் பார்த்தாள். அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினாள். பிறகு, "இது எனக்கு வேணாம்ணே," என்று சாக்கின் மேல் வைத்தாள். யாகோப்புக்குப் பாவமாகப் போய்விட்டது. தன் கத்தியில் இரண்டை எடுத்து, "காசு வேணாம் தங்கச்சி, சும்மா வச்சிக்குங்க," என்று நீட்டினார். பெரிய தர்மப் பிரபு! வாங்கிக்கொண்டு, பட்டுத்துணியை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் செருகியபடி போனாள். அன்றைக்குக் கத்தி நன்றாக விற்றது.

அந்தச் 'சீனாக் கத்தி' யாகோப்பு வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. அவர் பெண்சாதி றெஜினா பதுளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் காய்கறி வெட்டிக் கொடுக்கிறவள். தினமும் விடிந்ததும் வெலிமடையிலிருந்து வரும் லீக்ஸும் கரட்டும் பத்துப் பதினைந்து கிலோ அவள் கையில் துண்டாகும். அதுவரை புருஷன் கொடுத்த ஜப்பான் கத்தியால்தான் வெட்டினாள். அதை வாசல்படிக் கல்லில் தீட்டித் தீட்டி, அரைமணிக்கு ஒருதரம் தீட்டி, கல்லே குழிந்துபோயிருந்தது. 'என் கைதான் சரியில்லையாக்கும்' என்று இருந்துவிட்டாள். காந்தக்காரர் பெண்சாதி அவர் கத்தியைக் குறை சொல்வாளா?

இந்தக் கத்தி வந்து நாலு மாசமாயிற்று. ஒருநாள் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"இந்தாங்க, ஒங்க ஜப்பான எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு இந்தச் சீனாவே போதும்."

"என்னாடி சொல்ற?"

"மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும். லீக்ஸ் நசுங்காம விழுது. நீங்களே வெட்டிப் பாருங்களே."

"ஒனக்கென்னா தெரியும்!" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே போனார். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு கத்தியையும் எடுத்து ஒரு பூசணிக்காயில் வைத்து அழுத்தினார். தன் கத்தியை அழுத்த வேண்டியிருந்தது, மற்றதை அழுத்த வேண்டியிருக்கவில்லை. கையில் தெரிவதை மூளை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றது. 'மரப்பிடி கொஞ்சம் கனம், அதுதான்' என்று சொல்லிக்கொண்டார். இன்னும் ஒரு வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆகஸ்ட்டில்தான் தாங்கமுடியாமல் மொஹிதீனிடம் போனார். மொஹிதீன் அவரிடம் ஒரு கத்திகூட வாங்கியதில்லை. அந்தக் கோபத்தில் இவரும் அங்கே போவதில்லை. அன்றைக்குக் காகிதத்தில் சுற்றிய கத்தியை இறைச்சிப் பலகையில் வைத்துப் பிரித்தார்.

மொஹிதீன் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தில் வைத்துப் பார்த்தார். "எங்க புடிச்சீங்க யாகோப்பு? எவ்வளவுக்குத் தருவீங்க?"

"இதுல காந்தம் ஒட்டுதுங்க."

மொஹிதீன் அவரை ஒரு பார்வை பார்த்தார். கையை நீட்டி அவர் கழுத்துக் காந்தத்தைப் பிடித்து, தன் கடையில் தொங்கிய கத்திகளில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். டக், டக், டக். ஐந்தும் ஒட்டின.

"கத்தின்னா ஒட்டணும். ஒட்டாத இரும்புல சட்டி செய்யலாம், கத்தி செய்ய ஏலாது. அதக் கெட்டியாக்க ஏலாது. என்னதான் தீட்டுனாலும் நாளைக்கு கூர் மடங்கிரும். ஒங்க கத்தி பட்டர் பூசத்தான் சரி."

"இத ஏன் நீங்க எனக்குச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்லிட்டுத் திரிஞ்சீங்க."

யாகோப்புக்குக் காது சுட்டது. கடைசியாக ஒன்றைப் பிடித்துத் தொங்கப் பார்த்தார். "இருந்தாலும் இது சீனாதானே?"

"அது எனக்கு விளங்காது, எழுத்து வாசிக்கத் தெரியாது. சீனாக்காரனும் நல்லது செய்வான், உதவாததும் செய்வான், நாங்க குடுக்குற காசுக்குத் தக்கமாதிரி. எந்த ஊர்லயும் அப்படித்தான். எவன் செஞ்சிருந்தாலும் இது கத்தி."

இங்கேதான் அந்த மனுஷன் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும், சொல்ல எனக்கே நா கூசுகிறது. கத்தியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த பத்தாம் தேதி, சம்பள நாளில், வழக்கம்போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். சாக்கை விரித்தார். காந்தத்தை வைத்தார், அது விழுந்தது, பிள்ளைகள் பாடினார்கள். ஒரு மாசம் இல்லை, இரண்டு மாசம் இல்லை, இரண்டு வருஷம். சரக்கு இருக்கிறதே, பழகின தொழிலாயிற்றே, இந்த வயசில் வேறென்ன செய்வது என்று மனசுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டார். மூணுபாலத் தோட்டத்துக்கு மட்டும் அந்த ஏப்ரலுக்குப் பிறகு போகவேயில்லை. ஹாலிஎலச் சந்தியில் யாராவது பெண் பூப்போட்ட துணியோடு நின்றால் பஸ்ஸுக்குள் தலையைக் குனிந்துகொள்வார்.

அந்தோனியம்மாவை நினைக்கும்போதெல்லாம் ஒரே சமாதானம்தான். 'நல்ல கத்தியாக இருக்கட்டும். ஆனால் சீனா என்றுதானே சொன்னேன்? ஊரைச் சரியாகத்தானே சொன்னேன்?' வெட்கங்கெட்ட சமாதானம். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் மறுபடியும் ரயிலில் வர ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் ஒருநாள் பதுளை ஸ்டேசனில் ஜப்பான்காரர்கள் ஒரு புருஷனும் பெண்சாதியும் இறங்கியிருக்கிறார்கள் என்று ஆட்டோக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். யாகோப்பு வீட்டுக்கு ஓடிப்போய், றெஜினா வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கேட்டால் சிரிப்பீர்கள். மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு ஆள், கழுத்தில் இரும்பு வட்டம், கையில் லீக்ஸ் ஒட்டிய கத்தி. அந்தப் பெண் வீலென்று கத்தினாள். ஸ்டேசன் காவலாளி ஓடிவந்து யாகோப்பின் சட்டையைப் பிடித்தான். அவர் கத்தியைத் திருப்பிப் பிடியை முன்னால் நீட்டி, "ஜப்பான்? சீனா? ஜப்பான்? சீனா?" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அந்த ஜப்பான்காரருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கத்தியை இரண்டு கையாலும் வாங்கினார். எழுத்துகளை விரலால் தொட்டு வாசித்தார். "ஜப்பான்," என்றார். தன் நெஞ்சைத் தொட்டு மறுபடியும், "ஜப்பான்." சம்மட்டியால் அடிப்பதுபோல் கையைக் காட்டி, எழுத்தைக் காட்டினார். அடித்துச் செய்தவனின் பெயராம் அது. பெண்சாதியிடம் ஏதோ சொல்ல, அவளும் பயம் தெளிந்து வந்து பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் கத்திக்குத் தலைகுனிந்து ஒரு வணக்கம் வைத்தார்.

யாகோப்பு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த கடைசிச் சமாதானமும் போயிற்று. அவர் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரிக்க வைத்த சாமானுக்கு, அதைச் செய்த ஊர்க்காரன் தலை வணங்குகிறான்.

அன்றைக்கு றெஜினாவிடம் சொன்னார். மொஹிதீனைப் போய்ப் பார்த்த கதையைச் சொல்லவில்லை. அந்தோனியம்மாவை என்ன சொன்னார் என்பதைச் சொன்னார், அந்தப் பீ மூத்திரப் பேச்சு உட்பட. றெஜினா கத்தியைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"கொண்டுபோய்க் குடுத்துருங்க," என்றாள். "சந்துல பொந்துல வச்சிக் குடுக்காதீங்க. பெரட்டுக்களத்துல வச்சித்தானே சொன்னீங்க? அங்கயே வச்சிச் சொல்லுங்க."

அக்டோபர் சம்பள நாள். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு காந்தக்காரர் வந்திருக்கிறார் என்றதும் மூணுபாலத் தோட்டமே திரண்டுவிட்டது. பிள்ளைகள் கேட்காமலே பாட ஆரம்பித்தார்கள். யாகோப்பு கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்தப் பாட்டு தப்புங்க. நான் சொல்லிக் குடுத்தது தப்பு. கத்தின்னா காந்தம் ஒட்டணும். என் கத்தி ஒண்ணுக்கும் ஒதவாது. அந்தோனியம்மா தங்கச்சி கொண்டாந்ததுதான் அசல் ஜப்பான். அந்தக் கத்திக்கும், அதக் குடுத்த அம்மாவுக்கும், நான் பேசுன பேச்சு..."

முடிக்க விடவில்லை. "அண்ணே, ஒட்டுற கத்தி புதுசா எறக்கியிருக்கீங்க போல!" என்றான் றொபின்சன். "அதான் பாட்ட மாத்துறீங்க. சரி, எவ்வளவு சொல்லுங்க!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டு பேர் காசை எடுத்து நீட்டவே நீட்டினார்கள். வருஷக்கணக்காக அந்த வாயைக் கேட்டுப் பழகியவர்கள், அவர்கள்மேல் என்ன குற்றம்?

யாகோப்பு மூட்டை கட்டியிருந்த தும்புக் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைக் காலில் மிதித்து, மறுமுனையை இடக்கையால் இழுத்துப் பிடித்தார். பளபளக்கும் தன் கத்தியால் அறுத்தார். அறுத்துக்கொண்டேயிருந்தார். நார் பிசிர் பிசிராகக் கிளம்பியதே தவிர கயிறு போகவில்லை. பிறகு மரப்பிடிக் கத்தியை எடுத்து வைத்து ஒரே இழுப்பு. கயிறு இரண்டாகி, பிடித்திருந்த கையோடு அவர் பின்னால் சரிந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் முணுமுணுத்தாள். "எங்கப்பாவோட கவ்வாத்துக் கத்தி. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் இரும்பு. தேயிலச் செடிய ஒரே வெட்டுல வெட்டும். இவரு பேச்சக் கேட்டு ஒட்டுதுன்னு பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேனே, பாவி." இன்னொருத்தி, "நானுந்தான்," என்றாள். பிறகு ஒவ்வொருவராக அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூட வலி குறைவாக இருந்திருக்கும். றொபின்சன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நாங்க அந்தோனியம்மா அக்காவ இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு நகர்ந்தான்.

அந்தோனியம்மா கூட்டத்தின் ஓரத்தில் கொழுந்துக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வந்தாள். கத்தியை வாங்கினாள். அதே மாதிரி எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினாள்.

"வாங்கண்ணே, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

திட்டுவாள் என்று நினைத்துத்தான் லயத்துக்குப் போனார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் தேத்தண்ணி கொடுத்து, ஒரு துண்டு பனங்கட்டியும் கையில் வைத்தாள். பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பட்டுத்துணியை எடுத்துக் கத்தியைச் சுற்றினாள். துணி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

"சீனாக்கத்தின்னு கூப்புட்டதுகூட எனக்குப் பெருசில்லண்ணே," என்றாள். "மாமாவும் என்னய ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன் பாருங்க, அதான். அழுத அழுகையும் பொய்யின்னு நெனச்சிட்டேன். மகன்கிட்டச் சொல்லி எனக்கு இங்கிலீஷ்ல ரெண்டு கடுதாசி போட்டிருந்தாங்க. எப்ப வருவேன்னு கேட்டு. பழம் வெட்டிக் குடுக்க ஆள் இல்லையாம், மத்தவங்க வெட்டுனா திங்க மாட்டேங்கிறாங்களாம். பாதர்தான் வாசிச்சிச் சொன்னாரு. எனக்குக் கோவம். அம்பது ரூவாக் கத்திய குடுத்து அனுப்பிட்டு என்னா பாசம் வேண்டிக் கெடக்குன்னு பதிலே போடல."

"இப்பப் போடுங்க தங்கச்சி," என்றார் யாகோப்பு அவசரமாக. "நானே பாதர்கிட்ட..."

"போன நோம்பு மாசம் மௌத்தாப் போயிட்டாங்களாம்ணே. மூணாவது கடுதாசி அதுதான்."

போன நோம்பு மாசம். அதாவது அந்த அம்மா இறந்தது இரண்டாயிரத்தொன்று முடியும் நேரம். யாகோப்பின் மனசு தானாக விரல் மடித்தது. மொஹிதீன் கடையில் டக், டக் என்று ஐந்து கத்தியும் ஒட்டியது அதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலே முன்னால். அன்றைக்கே ஹாலிஎலைக்குப் பஸ் ஏறியிருந்தால் முக்கால் மணித்தியாலப் பயணம். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒன்றல்ல, பத்துக் கடிதம் போயிருக்கும். பனங்கட்டி வாய்க்குள் கரையாமல் கிடந்தது.

அந்தோனியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்கிற பார்வை இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒங்களுக்கு இது எப்பண்ணே தெரிஞ்சிச்சி?"

நூறு பேர் முன்னால் பாட்டு தப்பு என்று சொன்ன அதே வாய்தான். இங்கே கேட்க ஒரே ஒருத்தி.

"போன மாசந்தான் தங்கச்சி," என்றார். "ஸ்டேசன்ல ஒரு ஜப்பான்காரரு வாசிச்சிச் சொன்னாரு. அப்பத்தான் தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்ல மனுசன்ணே. தெரிஞ்ச ஒடனே வந்துட்டீங்க. வேற யாருன்னா கத்தியையும் வச்சிக்கிட்டு கம்முன்னு இருந்திருப்பாங்க."

யாகோப்பு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். திரும்புகிற வழியில் ஹாலிஎலப் பாலத்தில் நின்று காந்தத்தை ஆற்றில் போட்டார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்த கத்திகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, அடுத்த மாசத்திலிருந்து பிளாஸ்டிக் வாளியும் பேசினும் விற்றார். வாளியில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று யார் கேட்டாலும், "தெரியாதுங்க," என்பார்.

ஆனால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தால் அவருக்குப் பயம். ஒவ்வொரு வருஷமும் இருபத்தாறாம் தேதி ஹாலிஎல பஸ் கொண்டக்டரிடம் ஒரு பார்சல் வரும். 'யாகோப்பு அண்ணனுக்கு, அந்தோனியம்மா' என்று எழுதியிருக்கும். உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றிய கேக். முந்திரிப்பருப்பு வழியாகவே கத்தி போயிருக்கும், ஓரம் ஒரு பொட்டுக்கூட நொறுங்கியிருக்காது.

"எவ்வளவு வடிவா வெட்டியிருக்கா பாருங்களேன்," என்று றெஜினா ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாள். "ஒண்ணு எடுத்துக்குங்க."

"எனக்கு இனிப்பு ஆகாது," என்பார் யாகோப்பு. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கிற மனுஷன்.